பதினேழாவது ஸ்லைட்

ஐந்தே முக்காலுக்குச் சமையலறைக் குழாய் திறக்கும். திவாகர் அதற்கு முன்பே விழித்துக் கிடப்பான். குழாய்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுவான். குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்போது மேசையில் ஒரு தட்டு இருக்கும், அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. பக்கத்தில் கோப்பி. திறந்தால் தோசை, அல்லது முந்தைய நாள் சோற்றில் வெங்காயமும் நெத்திலியும் போட்டுப் பிரட்டியது. மாமியார் பெரியநாயகி சமையலறைக்குள் நின்றபடியே, "பசியாறுங்க மாப்பிள்ளை" என்பார். "சரிங்கத்தை" என்பான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வெளியே வரமாட்டார். ஆறு முப்பத்தைந்துக்கு முச்சந்தியில் ஃபேக்டரி பஸ் வரும். நீலச் சட்டையும் கழுத்தில் வேலை அட்டையுமாக அவர் வெளியே போய்க் கேட்டைச் சாத்திக் கொக்கி மாட்டும் சத்தம் கேட்கும். அதன் பிறகு அவன் தட்டைக் கழுவி வைப்பான்.

பதினான்கு மாதமாக இதுதான். பேச்சும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

கலைமகளின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் காரில் ஏறிப் போனபோது, பெரியநாயகி மட்டும் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாளும் இருந்தார். செலண்டாரில் இருந்த தன் வாடகை வீட்டுச் சாவியை எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று திவாகருக்குத் தெரியாது. புருஷன் போய் வெகுநாள். கலை ஒரே பிள்ளை. மகள் இல்லாத வீட்டில் மருமகனோடு மாமியார் இருப்பது முறையா என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பி, பேசிப் பேசிச் சலித்து அடங்கியது. அவன் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவர் வேலை செய்யும் ஃபேக்டரியும் இதே புக்கிட் ரம்பாயில்தான், காரில் பத்து நிமிடம்.

வந்த புதிதில் ஒரே ஒரு முறை கேட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா மாப்பிள்ளை?"

"ஒண்ணும் சொல்லலத்தை. தூங்கிக்கிட்டே போயிட்டா."

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

திவாகர் பார்க்கும் வேலைக்குத் தமிழில் சட்டென்று சொல்ல ஒரு பெயர் இல்லை. லூபோக் சீனா பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டிய அவன் அப்பா, மகன் வாத்தியார் வேலை பார்ப்பதாகவே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி பழைய மெஷினைத் தூக்கிப் புதியதைப் போடும்போதோ, இரண்டு பிரிவை ஒன்றாக்கும்போதோ இவனைக் கூப்பிடுவார்கள். இவன் வேலையாட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பயம் தெளியப் பேசி, புதிய முறையைச் சொல்லிக் கொடுத்து, சம்மதிக்க வைக்க வேண்டும். சம்மதம்தான் முக்கியம். பாடம் புரிந்ததா என்பதைக் கம்பெனி பிறகு பார்த்துக்கொள்ளும்.

கலை இறந்து ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். அவனுக்கு வேலை கொடுத்திருந்த பயிற்சி நிறுவனத்தின் முதலாளி அவன் கோப்பைப் புரட்டிவிட்டு, "எல்லாம் இருக்கு, கதை இல்லையே. உன் சொந்தக் கதை ஒண்ணு போடு. அதுக்குத்தான் ஆளுங்க அசைவாங்க" என்றார். மூவாரில் ஓர் ஓட்டலில் முதல் தடவை, தன் மனைவி இறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னான். கூட்டம் அமைதியானது. அந்த அமைதி அவனுக்கு உதவியாக இருந்தது. இரண்டாவது கூட்டத்தில், அவள் சாகும்முன் ஒரு வார்த்தை சொன்னாள் என்றான். மூன்றாவதில் அந்த வார்த்தை என்னவென்று அவனுக்கே தெரிந்துவிட்டது. பதினேழாவது ஸ்லைடாக ஏற்றினான். கடல் படம், மேலே வெள்ளை எழுத்தில் மலாயில் மூன்று சொல்: ஜங்ஙான் தாக்குட் பெருபா. மாறப் பயப்படாதே. கூட்டத்தில் எல்லா இனத்தாரும் இருப்பார்கள். மலாய்தான் எல்லாருக்கும் எட்டும். முப்பது தடவைக்கு மேல் சொல்லிவிட்டான். இப்போதெல்லாம் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பது வாய்க்கே தெரியும்.

பெரியநாயகியின் ஃபேக்டரி பெயர் அவன் அட்டவணையில் வந்தபோது தட்டிக்கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. அங்கே பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி செய்கிறார்கள். பெண்கள் மேசையில் நின்று மூடி பார்த்து, ஐம்பது ஐம்பதாக அடுக்கி, சீட்டில் கோடு போட்டு அனுப்புவார்கள். இனிச் சீட்டு கிடையாது. மேசைக்கு மேசை ஒரு டேப்லட். அதில் பார்த்து, அதில் தட்டி, மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று அதிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பல வேலை தெரிந்த குழு என்று பெயர். சேர்ந்தால் மூன்று மாதத்தில் பரீட்சை. தேறாதவர்களுக்கு 'வேறு ஏற்பாடு' என்று சம்மதப் படிவம் சொன்னது. சேராதவர்கள் இரண்டு பழைய லைனில் கைவேலையாகவே ஓய்வுவரை இருக்கலாம். இந்தக் கடைசி வரி இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் பயிற்சி. பெரியநாயகி பெயர் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இருந்தது. அன்றைக்கு மட்டும் பதினேழாவது ஸ்லைடை எடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை மேசையில் உட்கார்ந்தபடி சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தை, உங்க ஃபேக்டரிக்கு நான்தான் வரேன். அங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம். கம்பெனி ரூல்ஸ்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப அங்க சார்னுதான் கூப்பிடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை நாலாவது லைன் மெஷின் படுத்துக்கொண்டது. கை சும்மா இருக்கும் பத்துப் பேரை ஒரு நாள் முன்பாகவே பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். திவாகர் பேச ஆரம்பித்து அரை மணி ஆகியிருக்கும். கதவு திறந்தது. நீலச் சட்டைகள் குனிந்து குனிந்து உள்ளே வந்தன. மூன்றாவது வரிசையில் பெரியநாயகி உட்கார்ந்தார். அவனைப் பார்த்தார், எல்லாரையும் போலவே பார்த்தார்.

"வாங்க பெரியக்கா, இங்க ஏர்கோன் நல்லா அடிக்குது" என்று பக்கத்தில் இடம் விட்டாள் சாந்தி. நாற்பது வயது, அதே லைன்காரி, சும்மா இருக்காத வாய்.

திரையில் பன்னிரண்டாவது ஸ்லைட் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு கேள்வி" என்று சாந்தி கை தூக்கினாள். "டேப்லட் தப்பாத் தட்டினா ஷாக் அடிக்குமா?"

சிரிப்பு எழுந்தது. "அடிக்காதுக்கா" என்றான் திவாகர்.

"அப்பன்னா சரி. எங்க வீட்டு ஆளுதான் தொட்டாலே அடிக்கிறாரு."

இன்னும் பெரிய சிரிப்பு. பெரியநாயகியும் வாயை மூடிச் சிரித்தார். அவர் சிரித்து அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பதிமூன்று. பதினான்கு. கையில் கிளிக்கர் இருந்தது. இரண்டு தடவை சேர்த்து அழுத்தினால் பதினேழு தெரியாமல் பதினெட்டுக்குப் போய்விடலாம். பின்சுவரில் சாய்ந்தபடி மனிதவளப் பிரிவு மேலாளர் புவனேந்திரன் கைகட்டி நின்றிருந்தார். நேற்று அந்த ஸ்லைடில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை அவன் கவனித்திருந்தான். இன்றைக்கும் அதற்குத்தான் வந்து நிற்கிறார் என்பது தெரிந்தது. பதினைந்து. பதினாறு.

ஒரு தடவைதான் அழுத்தினான்.

கடல் வந்தது. வாய் தன் பாட்டுக்குத் தமிழும் மலாயும் கலந்து பேசியது. மனைவி பெயர், அவள் வயது, டெங்கி, ஐந்தாம் நாள். "சாகிறதுக்கு முன்னாடி என் கையப் பிடிச்சுக்கிட்டு அவ ஒண்ணே ஒண்ணு சொன்னா." வழக்கமான இடத்தில் நிறுத்தினான். மூன்று சொல்லையும் மலாயில் சொன்னான். ஒரு நேப்பாளப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். சாந்தி முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். திவாகர் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை.

படிவம் கொடுத்து முடித்ததும் அறையில் சலசலப்பு. மலாயில் இரண்டு பக்கம். யாரும் பேனாவைத் தொடவில்லை. அப்போது பெரியநாயகி எழுந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்று ரப்பர் பால் வெட்டப் போனவர். மலாய் பேசுவார், படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். அவர் கூட்டிப் பார்க்கவேயில்லை. முன்னால் வந்து, மேசையில் குனிந்து, தமிழில் தன் பெயரை முழுவதுமாக எழுதினார்.

"பெரியக்கா, படிச்சீங்களா?" என்றாள் சாந்தி.

"படிக்க என்ன இருக்கு. சொல்லிட்டுப் போயிருக்கு பிள்ள. அதுக்கு மேல என்ன?"

வீட்டுச் சங்கதி எதையும் அவர் ஃபேக்டரியில் பேசியதில்லை. பிள்ளை என்று யாரைச் சொன்னார் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை; பொதுவாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். சாந்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. பெரியநாயகி படிவத்தை அவனிடம் இரண்டு கையாலும் நீட்டி, "இந்தாங்க சார்" என்றார்.

மதியம் புவனேந்திரன் அவனைத் தன் அறைக்கு அழைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம்; இரண்டு தலைமுறை மலாக்காவில் இருந்தும் தேத்தண்ணீர் என்றுதான் சொல்வார்.

"தம்பி, ஹன்ட்ரட் பெர்சன்ட். இருவது வருஷ செர்வீஸ்ல நான் கண்டதில்ல. போன வருஷம் கே.எல்.ல இருந்து ஒருத்தன் வந்து கத்து கத்துன்னு கத்தினான், பாதிப் பேர் சைன் வைக்கேல்ல."

"சார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களும் சைன் பண்ணிருக்காங்க. பரீட்சை டேப்லட்லதானே?"

"அது அவையளுக்கு ட்ரெயினிங் இருக்குத்தானே" என்றார் புவனேந்திரன். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஓம், வயசான ஆக்கள் கொஞ்சம் கஷ்டப்படுவினம். எனக்கும் தெரியும். நாளைக்குப் பின்னேரம் பேப்பர் எல்லாம் ஹெட் ஆபீஸ் போகுது. அதுக்கு முன்னால ஆராவது வந்து கேட்டா நான் கிழிச்சுக் குடுப்பன். ஆனா ஆர் வரப் போகினம்?"

அன்று மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. திவாகர் கதவைத் திறந்தபோது வீடு முழுக்கச் சம்பல் தாளித்த வாசம். இறாலும் பெத்தாய்க் கொட்டையும் போட்டுக் கலை மாதத்துக்கு இரண்டு தடவை செய்வது. அவள் போன பிறகு அந்தச் சட்டி அடுப்பேறவில்லை. பெரியநாயகி சமையலறை வாசலைத் தாண்டி வெளியே வந்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. ஒறைப்பு கம்மியாத்தான் போட்டேன்."

சாப்பிட்டான்.

"ஒண்ணும் சொல்லலன்னு சொன்னீங்களே அன்னிக்கு. என்கிட்டச் சொன்னா தாங்க மாட்டேன்னு நெனச்சீங்க. எனக்குப் புரியுது. ஒரு வருசமா மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க. பாவம் நீங்களும்." அவர் முகம் கழுவி, திருநீறு பூசி, சற்று இளையவராகத் தெரிந்தார். "எனக்கு அந்த டேப்லட்டுன்னாலே பயம். நம்மால ஆகாது, பழைய லைன்லயே கெடப்போம்னுதான் நானும் சாந்தியும் பேசி வச்சிருந்தோம். அவ சொன்னதக் கேட்டதும் பயம் போச்சு. அம்மாவுக்குன்னே சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

திவாகர் தண்ணீரைக் குடித்தான்.

"ஒண்ணு கேக்கணும் மாப்பிள்ளை. மலாய்லயா சொன்னா?"

அவன் நிமிர்ந்தான்.

"இல்ல, அவ வீட்ல ஒரு நாளும் மலாய் பேசமாட்டாளே. சின்னதுலயே, பக்கத்து லயத்துப் பிள்ளைங்க மலாய்ல வைதா இவ தமிழ்லதான் திருப்பி வைவா. அதான் கேட்டேன். காய்ச்சல் மண்டைக்கு ஏறுனா எந்தப் பாஷ வருமோ, யாரு கண்டா."

"கூட்டத்துல எல்லாருக்கும் புரியணும்னு மலாய்ல போட்டேன்."

"அதான பாத்தேன்." அவர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். "தமிழ்ல எப்படிச் சொன்னா? அவ வாயால வந்த மாதிரியே சொல்லுங்களேன். ஒரு தடவ சொல்லுங்க போதும்."

முப்பது கூட்டத்தில் வராத திக்கல் அவனுக்கு வந்தது. மாறப் பயப்படாதே. மாறப் பயப்படாதீங்க. உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தான். எதுவும் கலை பேசியதுபோல இல்லை. மேடைப் பேச்சாக இருந்தது. அவள் அவனை 'திவா' என்பாள், கோபம் வந்தால் 'ஹலோ மிஸ்டர்' என்பாள். பாலர்பள்ளி ஆசிரியையாகப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, பெரியவர்களிடமும் வாக்கியத்தை ஓர் இழுப்போடு முடிப்பாள். அந்த இழுப்பில் இந்தப் பொய்யைச் சொல்ல அவனால் ஆகவில்லை. மலாயில் எவ்வளவு சுலபமாக இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன் அத்தை. தலவலி."

"சரி, சரி. படுங்க" என்றார். அவர் சட்டியை மூடும் சத்தம்கூட அன்று மெதுவாக இருந்தது. சமையலறையில் அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மலாய் மூன்று சொல்லையும் தமிழாக்கிப் பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் குழாய் திறந்தது. குளித்தான். தட்டைத் திறந்து தோசையைச் சாப்பிட்டான். பெரியநாயகி கேட்டுக்குப் போகும்போது எழுந்து, "பஸ் வேணாம் அத்தை. இன்னிக்கு என் காடில வாங்க" என்றான்.

"அங்க யாராச்சும் பாத்தா? ரூல்ஸ்னு சொன்னீங்களே."

"பரவால்ல."

அவர் காரின் பின்கதவைத் திறந்தார். பின்சீட்டில் லேப்டாப் பை கிடந்தது. தயங்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார். மழை தூறியது. தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவன் ஃபேக்டரி வாசலைத் தாண்டி மதிலோரம் நிறுத்தி இஞ்சினை அணைத்தான். துடைப்பான் பாதிக் கண்ணாடியில் நின்றது.

"அத்தை, நேத்து கையெழுத்துப் போட்ட அந்தப் பாரத்த திரும்ப வாங்கிடுங்க. சாயங்காலத்துக்குள்ள போய்க் கேட்டா புவனேந்திரன் சார் குடுத்துடுவாரு."

"ஏன்?"

"அதுல சேந்து பரீட்சைல பாஸ் பண்ணலன்னா வேலைய விட்டு எடுப்பாங்க. சேரலன்னா ரிட்டையர் ஆகுற வரைக்கும் பழைய லைன்ல இருக்கலாம். ரெண்டாவது பக்கத்துல இருக்கு. நான் அதச் சத்தமாப் படிக்கல."

"பாஸ் பண்ணிக்கிறேன் மாப்பிள்ளை. கத்துக்கிறேன். பிள்ள சொன்னப்புறம்..."

"அவ அப்படிச் சொல்லல."

லாரி ஒன்று தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. பெரியநாயகி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எழுதினேன். கூட்டத்துக்காக. முப்பது எடத்துல சொல்லிட்டேன். நீங்க உக்காந்திருக்கிறது தெரிஞ்சும் நேத்து சொன்னேன்."

சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. வைவார் என்று காத்திருந்தான். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாந்தியும் போட்டிருக்கா" என்றார் கடைசியில். குரல் தட்டையாக இருந்தது. "என்னப் பாத்துத்தான் போட்டா. அவ வீட்ல அவ சம்பாத்தியம்தான். என் பாரத்த நான் போய்க் கேட்டுக்கிறேன், எனக்கு வாய் இருக்கு. அவங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும். நேத்து எப்படி நின்னு சொன்னீங்களோ அப்படியே நின்னு. அந்த ரெண்டாவது பக்கத்தையும் படிங்க. தமிழ்ல."

"சொல்றேன்."

"இன்னிக்கே."

"ஒம்போது மணிக்கு, சைன் போட்டவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன் அத்தை."

கேட்டருகே ஃபேக்டரி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டைகள் குடை பிடித்து இறங்கின. சாந்தி எதற்கோ சிரித்துக்கொண்டு இறங்கினாள். பெரியநாயகி அவளைப் பார்த்தபடி, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நெசமாவே ஒண்ணும் சொல்லலையா? நான்தான் அன்னிக்கு வேலைக்கு வந்துட்டேன். காய்ச்சல் விட்ருச்சு, நீங்க போங்கன்னு சொன்னீங்க."

"விட்டுத்தான் இருந்துச்சு. டாக்டரும் ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போலாம்னாரு." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். "மத்தியானம் மூணு மணி இருக்கும். நான் கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு லேப்டாப்ல வேல பாத்துட்டு இருந்தேன். அடுத்த வாரக் கூட்டத்துக்கு. இதே ஸ்லைடுங்கதான். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. திரும்பி என்னப் பாத்து ஒண்ணு சொன்னா. நான் 'அஞ்சு நிமிஷம்லா'ன்னேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். மருந்து மாத்த வந்த நர்ஸ்தான் பாத்தாங்க. அதுக்கப்புறம் அவ கண்ணத் தொறக்கல."

"என்ன சொன்னா?"

திவாகர் வாயைத் திறந்தான். நிறுத்தி மூச்சு விடும் இடம் எதுவும் இதில் இல்லை. கலையின் இழுப்பு தானாகவே வந்தது.

"'திவா, அத கொஞ்சம் மூடேன். வெளிச்சம் கண்ணுல குத்துது.'"